சுவர் கொடுங்கள், எழுத்து வரும்

(பழைய வண்ணாரப்பேட்டையில் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளுக்குப் போக வேண்டியிருந்தும் "முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்" என்று முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஞாயிற்றுக்கிழமையும் நூலகத்தைத் திறந்து வைத்துப் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கும் நூலகர் அம்மா அவர்களே, வந்திருக்கும் பெரியோர்களே, அக்கா தங்கைகளே, மைக் செட் போட்ட தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய சால்வையை நூலகர் அம்மாவிடமே கொடுத்திருக்கிறேன். அது அவருக்குச் சேர வேண்டியது. தலைமையாசிரியை அம்மாவிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அதைப் பேச்சின் நடுவில் வைக்கிறேன்.

என் தொழில் கிராபிக் டிசைன். கல்யாணப் பத்திரிகை, புத்தக அட்டை, மசாலா பாக்கெட், கடை போர்டு எல்லாம் செய்கிறேன். அன்றாட வாழ்க்கையில் வடிவமைப்பு என்ற தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நிறம், எழுத்து, காலி இடம் என்று மூன்று விஷயங்களைப் பேசலாம் என்று குறித்துக்கொண்டு வந்தேன். அதற்கு முன்னால் ஒரு பழமொழி. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். "உடம்பைப் பார்த்துக்கோ" என்பதற்கு எங்கள் நைனா இதைச் சொல்லுவார். உங்கள் வீட்டிலும் அதற்குத்தான் சொல்லியிருப்பார்கள். நான் இன்றைக்கு நிஜமான சுவரை நினைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் நிறம். காலையில் ஆவின் பால் பூத்தில் போய் நின்று பாருங்கள். "நாலரை சதவீதக் கொழுப்புள்ள, நிலைப்படுத்தப்பட்ட பால் கொடுங்கள்" என்று யாராவது கேட்கிறார்களா? "பச்சை ரெண்டு, நீலம் ஒண்ணு" என்கிறார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஆரஞ்சு. பச்சையில் கொழுப்பு 4.5 சதவீதம், நீலத்தில் 3, ஆரஞ்சில் 6. பாக்கெட்டில் எல்லாம் அச்சடித்துத்தான் இருக்கிறது, ஆனால் யாரும் அதைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. படிக்கத் தெரியாத ஆயா வாங்குகிறார். கையில் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரும் சின்னப் பிள்ளையும் சரியாக வாங்கிக்கொண்டு போகிறது. நம் மாதவரம் பண்ணையிலிருந்து வரும் அந்த பாக்கெட்டை நான் எப்போதும் உயர்ந்த வடிவமைப்பு என்றுதான் சொல்லுவேன். பார்த்த உடனே வேலை முடிகிறது.

இதற்கு நேர்மாறாக ஒரு பொருள் அதே வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. கேஸ் சிலிண்டர். மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றில் உள்பக்கமாக ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி, டி என்று வருடம் நாலாகப் பிரிகிறது. 'பி 27' என்று இருந்தால் 2027 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று பொருள். இது முன்பே தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். சரி, நாலைந்து கை. அதில் ஒருவர் சிலிண்டர் போடுகிற அண்ணன், அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது. உயிர் சம்பந்தப்பட்ட ஒரு தகவலைக் குனிந்து தேடிப் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள், அதுவும் சங்கேதமாக. ஆவின் பாக்கெட்டுக்குக் கிடைத்த யோசனை இதற்கும் கிடைத்திருக்க வேண்டாமா?

அப்புறம், படிக்கத் தெரியாதவருக்கும் சேர்த்து யோசிப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1951-52இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குத்தான் எழுத்தறிவு. அதனால்தான் சின்னங்கள் வந்தன. பிறகு தேர்தல் ஆணையத்தில் எம்.எஸ். சேதி என்ற வரைவாளர் பென்சிலால் வரைந்த படங்கள் இன்றைக்கும் சுயேச்சைகளுக்குச் சின்னங்களாகக் கிடைக்கின்றன. மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சின்னத்தின் அருமை அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த டிசைனருக்கும் தெரியாது.

இனி எழுத்து. இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும்.

படிப்பு முடிந்த புதிதில் கல்மண்டபம் பக்கம் ஒரு போர்டு ஆர்ட்டிஸ்டிடம் எடுபிடியாக இருந்தேன். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஒரு நாள் ஓர் அக்கா வந்தார். மார்க்கெட்டை ஒட்டி டிபனும் சாப்பாடும் போடுகிற கடை அவருடையது. நாலடிக்கு இரண்டடித் தகரம் ஒன்றை ரிக்‌ஷாவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எழுத வேண்டியதைச் சொன்னார். மேலே பெரியபாளையத்து அம்மன். பக்கத்தில் காலமான வீட்டுக்காரர் முகம். நடுவில் கடை பேர். கீழே இட்லி, தோசை, பூரி, பொங்கல், வடகறி, மீன்குழம்புச் சாப்பாடு, சுறாப்புட்டு, இறால் தொக்கு, பார்சல் உண்டு, கடன் கிடையாது, விசேஷங்களுக்கு ஆர்டரின் பேரில் செய்து தரப்படும்.

"எல்லாம் வரணும் மாஸ்டரு. துட்டு குடுக்கறேன் இல்ல?"

மாஸ்டர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சாக்பீஸை எடுத்து அத்தனையும் அந்தத் தகரத்தில் எழுதினார். அம்மன், வீட்டுக்காரர், சுறாப்புட்டு ஒன்றும் விடவில்லை. அப்புறம் தகரத்தை என்னிடம் கொடுத்து, "கடை வாசல்ல போய்த் தூக்கிப் புடிச்சிக்கினு நில்லு" என்றார். நின்றேன். அக்காவை ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இப்ப படிக்கா."

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அம்மன் தெரியுது."

"அப்பறம்?"

"எங்க வூட்டுக்காரரு தெரியறாரு."

"கட பேரு?"

அக்காவிடம் பதில் இல்லை. அதற்குள் நடுவில் ஒரு பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது. மாஸ்டர் அந்த பஸ்ஸைக் காட்டினார். "அதுல ஒருத்தன் பசியோட போறான்னு வச்சிக்கோ. மூணு எண்றதுக்குள்ள உன் கடயத் தாண்டிடுவான். அந்த நேரத்துல நீ அவங்கிட்ட ஒண்ணுதான் சொல்ல முடியும். இன்னா சொல்லுவ?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. மீன் கூடை இறக்கிக்கொண்டிருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் வடகறி என்றார். இன்னொருவர், கடன் கிடையாது என்பதை முதலில் போடு, இல்லாவிட்டால் அக்கா பிழைக்க மாட்டார் என்றார். கடைசியில் ஒரு பெரியவர், "மீன்கொழம்புனு போடும்மா, நாங்க அதுக்குத்தான வர்றோம்" என்றார். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி மாஸ்டரு, மீன்கொழம்பு. ஆனா எங்க வூட்டுக்காரர நான் விடமாட்டேன்" என்றார்.

"நான் மட்டும் வுட்ருவனா?" என்றார் மாஸ்டர்.

அன்றைக்கு மத்தியானமே தகரத்துக்கு மஞ்சள் அடித்தார். காய்ந்ததும் நீலப் பொடி தடவிய நூலை நானும் அவரும் இரண்டு முனையில் இழுத்துப் பிடித்தோம். சுண்டினால் கோடு விழும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. அதற்கு வெளியே இரண்டு பக்கமும் நாலு விரல் இடம் விட்டார், 'மீ' மேலே சுழியும், 'ழ' கீழே இறங்கும் என்பதற்காக. மூங்கில் குச்சியில் கையை ஊன்றிக்கொண்டு தட்டைப் பிரஷ்ஷால் சிவப்பு எனாமலில் இழுத்தார். தகரம் முழுக்க 'மீன்குழம்பு', கீழே சின்னதாகக் கடை பேர். பஸ் என்ன, லாரியில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். அம்மனையும் வீட்டுக்காரரையும் கடைக்கு உள்ளே, கல்லாவுக்கு மேலே சுவரில் வரைந்தார். சாப்பிடுகிறவர் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார், அவருக்கு அந்த முகத்தைப் பார்க்க நேரம் உண்டு. பலகாரப் பட்டியலை ஒரு கரும்பலகைக்கு மாற்றினார், தினமும் மாறுவது அதுதானே.

யார், எங்கிருந்து, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற இந்தக் கணக்கைத்தான் பின்னால் நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்தேன், இன்றைக்கும் செய்கிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம். அந்தக் கடையின் உள்சுவர் இல்லாவிட்டால் வெளித் தகரமும் கெட்டுப்போயிருக்கும்.

இப்போது பிளக்ஸைப் பாருங்கள். இடத்தை நிரப்ப வேண்டும் என்று எழுத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுக்கிறார்கள். இழுத்தால் நெட்டுக்கோடு மட்டும் தடிக்கும், படுக்கைக்கோடு இளைத்தபடியே கிடக்கும். இன்னும் தடிப்பாக வேண்டும் என்று அழுத்தினால் 'ண', 'ஞ', 'இ' எழுத்துகளின் சுழிகள் அடைபட்டுக் கறுப்புக் கட்டியாகிவிடும். கடைப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக வர வேண்டும் என்று விதியே இருக்கிறது. பெரிதாக எழுதியும் படிக்க முடியாவிட்டால் அந்த விதியால் யாருக்கு என்ன பயன்? பிளக்ஸ் உயிரையே வாங்கியதும் உண்டு. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம் பெண் லாரியில் சிக்கி இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

தமிழ் எழுத்துக்காக மெனக்கெட்டவர்கள் எத்தனை பேர்! பெரியார் 1935இல் 'குடிஅரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தார், 1978இல் அதை அரசு ஆணையாக்கியது. துதிக்கை வைத்த பழைய 'லை' நம் பக்கத்துப் பழைய கடைப் பலகைகளில் இன்னும் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கிறது. பார்த்தால் போட்டோ எடுத்து வையுங்கள். ஓவியர் ஆதிமூலம் கையால் எழுதிய தலைப்புகள் எத்தனையோ தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் முகமாக இருந்தன. அவர் படித்த ஓவியக் கல்லூரி பெரியமேட்டில்தான் இருக்கிறது. 1850இல் தொடங்கியது. இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த வாசல் தெரியும்? ரூபாய்க் குறியீடு ₹ வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், 2010இல் அது ஏற்கப்பட்டது. அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயமே தமிழ் அச்செழுத்துதான். பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

தலைமையாசிரியை அம்மா, இப்போது என் விண்ணப்பம். உங்கள் பள்ளியின் ஒரு காம்பவுண்டுச் சுவர் எங்களுக்கு வேண்டும். சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம். பிரஷ் பிடித்த அண்ணன்மார் இந்த ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். சிலர் வெள்ளையடிக்கப் போகிறார்கள், சிலர் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார்கள். கை அப்படியேதான் இருக்கிறது. அவர்களைக் கூலி கொடுத்து, ஆசிரியர் என்ற மரியாதையோடு அழைக்க வேண்டும். கூலி கொடுத்து என்பதை அழுத்திச் சொல்கிறேன், சும்மா வந்து சொல்லிக்கொடுங்கள் என்று அவர்களைக் கேட்கக் கூடாது. பிள்ளைகள் முதலில் நூல் சுண்டிக் கோடு போடக் கற்கட்டும். பிறகு 'அ' எழுதட்டும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று தங்கள் எழுத்தைத் தாங்களே படித்துப் பார்க்கட்டும். கிரியேட்டிவிட்டி எங்கிருந்து வரும் என்று என்னிடம் நிறைய பேர் கேட்கிறார்கள். கை வேலை செய்யும்போது வரும். அந்தக் கைக்கு முன்னால் ஒரு சுவர் இருக்க வேண்டும்.

மாமன்ற உறுப்பினர் அவர்களே, தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பே சுவரில் 'ரிசர்வ்' என்று எழுதி இடம் பிடிக்கும் வழக்கம் எல்லாக் கட்சிக்கும் இருக்கிறது. அதே போல வார்டுக்கு ஒரு சுவர் பிள்ளைகளுக்கென்று ரிசர்வ் செய்து கொடுங்கள். மாநகராட்சி அழகுபடுத்திய சுவர்களில் மயிலும் நடனப் பெண்ணும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் எங்கள் பிள்ளைகளின் எழுத்துக்கும் பத்தடி இடம் இருக்கட்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம், சுவரைக் கொடுக்கும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது.

காலி இடம் என்று மூன்றாவதாக ஒன்று சொன்னேன். தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார், பட்டிமன்றப் பேச்சாளர்கள் வேறு காத்திருக்கிறார்கள். அது இன்னொரு நாள் பேச்சு.

வாசலில் நூலகர் அம்மாவின் மேசையில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கிறது. உங்கள் தெருவில் போர்டு எழுதிய அண்ணன், மாமா, தாத்தா யார் இருந்தாலும், அவருடைய சம்மதம் கேட்டுக்கொண்டு, பேரையும் தெருவையும் அதில் எழுதுங்கள். பெயிண்டும் பிரஷ்ஷும் நான் கொண்டுவருகிறேன். வணக்கம்.