17 வயதில் ஸ்லீவ் ஆபரேஷன்: அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய கேள்விகள்

வணக்கம் மக்களே. காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். மாங்காய் சீசன், கீழே லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வீடியோவுக்கு நிறைய அம்மாக்கள் எழுதியிருந்தீர்கள். பையனுக்கு 15 வயது, பெண்ணுக்கு 16 வயது, எடை குறைக்கிற ஆபரேஷன் செய்யலாமா, எத்தனை கிலோ குறையும்? கிலோ கணக்கு இன்னொரு நாள். இன்றைக்கு மனசு.

எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல ஒரு குழாயாக விட்டுவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த எடுத்த பகுதியில்தான். அதனால் வயிற்றுப் பசி அடங்கிவிடும். ஆனால் நான் பசிக்காகவா சாப்பிட்டேன்? ஸ்கூல் வேனில் "டேங்கர் வருது, தள்ளிக்கோ" என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு பாக்கெட் மிக்சர் காலி. அது வேறு பசி.

ஆபரேஷனுக்கு முன்னால் மனநல மதிப்பீடு இருக்க வேண்டும். எனக்கும் நடந்தது, பேருக்கு. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். பத்து நிமிடம், ஒரு ஃபாரம். கேள்வி என்னிடம், பதில் அம்மாவிடமிருந்து.

"தூக்கமெல்லாம் எப்படிம்மா?"

"நல்லா தூங்குவா சார்."

ராத்திரி இரண்டு மணிக்கு நான் ஃப்ரிட்ஜைத் திறப்பது அம்மாவுக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் பக்கத்தில் இருக்கும்வரை நானும் வாய் திறந்திருக்க மாட்டேன்.

அதனால், பிள்ளையிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். இந்த ஆபரேஷன் உனக்கு வேண்டுமா, வீட்டாருக்கு வேண்டுமா? ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறாயா? செத்துப்போகலாம் என்று தோன்றியிருக்கிறதா? மனச்சோர்வு என்று சொன்னால் ஆபரேஷனே கிடையாது என்று பயந்து மறைக்கிறவர்கள் உண்டு. மனச்சோர்வு இருப்பது மட்டுமே தடை இல்லை. முதலில் அதற்கு வைத்தியம், அப்புறம் தேதி. ஏற்கெனவே மாத்திரை போடுகிற பிள்ளை என்றால், ஆபரேஷனுக்குப் பிறகு மருந்து உடம்பில் சேரும் விதம் மாறலாம். மனநல டாக்டருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்வீடனில் இரைப்பை பைபாஸ் (இதயத்துக்குச் செய்வது இல்லை, எடை குறைக்கிற இன்னொரு வகை ஆபரேஷன்) செய்துகொண்ட 81 டீனேஜ் பிள்ளைகளை ஐந்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். எடை குறைந்தது, தன்மதிப்பும் கொஞ்சம் கூடியது. மனநல சிகிச்சை மட்டும் குறையவில்லை. ஆபரேஷன் செய்யாத பிள்ளைகளைவிட இவர்களுக்கு அதிகமாகவே தேவைப்பட்டது. ஆபரேஷன்தான் கெடுத்தது என்று இதற்கு அர்த்தமில்லை. இளைத்தால் மனசு தானாகச் சரியாகும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

என் கதைக்கு வருகிறேன். முதல் சில வாரம் இருமல் மருந்து மூடி மாதிரி ஒரு குட்டிக் கப்பில் தண்ணீர், 30 மில்லி, சொட்டுச் சொட்டாக. கீழே எல்லாரும் களியும் கீரையும் சாப்பிடுகிறார்கள். "களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்கணும் பாப்பா" என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. இனி எதையும் கூழாகும்வரை மென்றுதான் இறக்க வேண்டும். அன்றைக்கு இதே மாடியில் உட்கார்ந்து அழுதேன். பசியே இல்லை. தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து விழுங்க முடியாதே என்றுதான்.

இரண்டாவது வருடம் இன்னும் மோசம். கைத் தோல் தொங்குகிறது. ஒரு கல்யாணத்தில் அத்தை, "இப்பதான் பொண்ணு மாதிரி இருக்கே" என்றார். பாராட்டுதான். அப்படியானால் முன்னால் நான் யார்? அதைக் கேட்க ஆள் இல்லை. கவுன்சிலிங்குக்காக ஒவ்வொரு தடவையும் பெங்களூருக்கு பஸ் ஏற முடியாமல் மூன்றாவது தடவையோடு விட்டுவிட்டேன்.

ஆபரேஷன் எங்கே வேண்டுமானாலும் செய்யுங்கள், பேசுவதற்கான ஆளைப் பக்கத்தில் பிடியுங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவில் கேளுங்கள். ராத்திரி தாங்க முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ், 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நான் முதல் தடவை கூப்பிட்டபோது ஐந்து நிமிடம் அழுதேன், அந்த அக்கா போனை வைக்கவில்லை.

ஆ, காலேஜ் போகிற பையன்களுக்கு ஒன்று. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் சரக்கு சீக்கிரம் ஏறும், பழக்கமாகவும் ஆகலாம். அம்மாக்கள் முன்னால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது, மன்னியுங்கள்.

சரி, அம்மா கூப்பிடுகிறார். பெங்களூரா மாங்காய் நறுக்கி மிளகாய்த்தூள் போட்டிருக்கிறார். எனக்கு மூன்று கீற்று. அதுவே ஜாஸ்தி.