மறுமையை நம்புகிறவர் சரியாக நிறுப்பாரா?

வணக்கம் நேயர்களே.

திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், அடுத்தடுத்து, சின்னச் சின்னதாக. ஒன்றின் சூடு மற்றதற்கு இல்லை. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வந்த இடம் என்பது ஐதிகம். அதனால்தான் அந்தியேட்டிக்குப் பேர்போன இடமாகக் கன்னியா இருந்து வந்திருக்கிறது. 31ஆம் நாள் பிண்டம் வைத்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிற மகன் ஒன்றை நம்பித்தான் அதைச் செய்கிறார்: அப்பாவின் உடம்பு சாம்பலாகிவிட்டது, அப்பா இன்னும் எங்கேயோ இருக்கிறார்.

அந்த மகனுக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது என்று வையுங்கள். அடுத்த நாள் கடையைத் திறக்கிறார். ஒரு கிலோ பருப்பு கேட்கிறீர்கள். ஒரு கிலோ நிறுப்பாரா, 950 கிராமா? ஆன்மா, மறுபிறப்பு, மறுமை என்று எவ்வளவோ கதைக்கலாம். இந்த உரையில் நான் கதைக்க வந்தது அந்த 50 கிராமைப் பற்றி.

ஆளையே கேட்டு அறிய முடியாது. "மறுமை இருக்கிறது" என்று சொல்கிற அதே வாய்தான் "நான் ஒருத்தரையும் ஏமாற்றியதில்லை" என்றும் சொல்லும். பக்தி உள்ளவர்கள் நல்லவர்கள் என்று சொன்ன பழைய ஆய்வுகளில் நிறைய, ஆட்கள் தங்களுக்குத் தாங்களே போட்ட புள்ளிகளை நம்பி எழுதியவை. அதனால் ஆய்வாளர்கள் வேறு வழி தேடினார்கள். அதில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டில் தாயக்கட்டை உருட்டிப் பழகியவர்களுக்கு உடனே விளங்கும்.

உங்கள் முன்னால் 30 காசு. இரண்டு கோப்பை. ஒரு தாயக்கட்டை, மூன்று பக்கம் ஒரு நிறம், மூன்று பக்கம் வேறு நிறம். ஒரு கோப்பையில் விழுவது உங்களுக்கு. மற்றதில் விழுவது தூரத்து ஊரில் இருக்கிற, உங்கள் சமயத்தவரான, நீங்கள் முகம் பார்த்தேயிராத ஒருவருக்கு. முதலில் மனசுக்குள் ஒரு கோப்பையை நினைக்க வேண்டும். பிறகு உருட்ட வேண்டும். முதல் நிறம் வந்தால் நினைத்த கோப்பையில் காசு, மற்ற நிறம் வந்தால் நினைக்காத கோப்பையில். இப்படி 30 தடவை, தனியே, பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமல். எந்தக் கோப்பையை நினைத்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கடவுள் இருந்தால் அவருக்கும் தெரியும். மூன்றாவது ஆள் இல்லை.

ஒழுங்காக ஆடினால் தூரத்துக்காரருக்கு ஏறத்தாழ 15 காசு போகும். ஒருவருடைய கோப்பையில் 18 கிடந்தால் அவரைக் கள்ளன் என்று சொல்ல முடியாது, அதிர்ஷ்டமாக இருக்கலாம். ஆனால் நூற்றுக்கணக்கான பேருடைய காசும் ஒரே பக்கம் சாய்ந்தால் அதை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. தனி ஆளைப் பிடிக்காமல் கூட்டத்தின் நேர்மையை நிறுக்கிற தராசு இது.

பிரேசில், மொரீஷியஸ், சைபீரியாவின் துவா, தன்சானியாவின் ஹட்சா மக்கள், பிஜி, வனுவாத்து என்று எட்டுச் சமூகங்களில் 591 பேரை வைத்து இதை ஆடிப் பார்த்தார்கள். 2016இல் நேச்சர் சஞ்சிகையில் முடிவு வந்தது. "உங்கள் தெய்வத்துக்கு நீங்கள் நினைப்பது தெரியுமா? தப்புச் செய்தால் தண்டிக்குமா? செத்த பிறகு உங்களுக்கு என்ன நடக்கும் என்பது அதன் கையிலா?" என்றெல்லாம் கேட்டு வைத்திருந்தார்கள். தெரியும், தண்டிக்கும் என்று அழுத்திச் சொன்னவர்கள் முகம் தெரியாத தூரத்துக்காரருக்குக் கூடுதல் காசு போட்டார்கள். தெய்வம் நல்லவர்க்குப் பரிசு தரும் என்ற நம்பிக்கையை வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை. சித்திரகுப்தனின் ஏட்டில் கடன் பக்கம்தான் வேலை செய்கிறது போலிருக்கிறது, வரவுப் பக்கம் அல்ல.

இதையொட்டிய இன்னொரு செய்தி 2012இல் வந்தது. 67 நாடுகளை ஒப்பிட்டதில் நரக நம்பிக்கை கூடிய நாடுகளில் குற்றம் குறைவு, சொர்க்க நம்பிக்கை கூடிய நாடுகளில் குற்றம் கூட. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாட்டுக்கு நாடு பொலிஸ் பதிவே ஒரே மாதிரி இல்லை. ஏழ்மை, போர், நீதிமன்றம் எல்லாம் குறுக்கே வரும். இந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளை நரகத்தைக் காட்டி வெருட்டத் தொடங்காதீர்கள்.

சரி, தண்டனைப் பயம் வேலை செய்கிறது என்றால், பயம் உள்ள கடைக்காரர் எல்லா நாளும் ஒரு கிலோவா நிறுக்கிறார்? இல்லை. மரணம் தூரத்தில் இருக்கிறது, 50 கிராம் கையில் இருக்கிறது. தூரத்துக் கடனை மனசு எப்போதும் குறைத்துத்தான் மதிக்கும். நம்பிக்கை உள்ளே கிடந்தால் மட்டும் போதாது, அந்த நிமிடத்தில் நினைவுக்கு வர வேண்டும்.

மொரோக்கோ நாட்டு மராகேஷ் நகரின் பழைய கடைத்தெருவில் செய்த ஓர் ஆய்வு, 2015இல் வெளிவந்தது. காசை உனக்கு வைத்துக்கொள்கிறாயா, தருமத்துக்குக் கொடுக்கிறாயா என்று கடைக்காரர்களைக் கேட்டார்கள். பள்ளிவாசலில் பாங்கு ஒலித்துக்கொண்டிருந்த நேரம் கேட்கப்பட்டவர்கள் தருமத்துக்குக் கூடக் கொடுத்தார்கள். மற்ற நேரத்தில் கேட்டபோதும் அதே ஊர், அதே ஈமான், அதே மறுமை நம்பிக்கைதான். மொரீஷியஸில் வேறொரு காசு விளையாட்டைக் கோயிலிலும் சாப்பாட்டுக் கடையிலும் வைத்துப் பார்த்தார்கள். பொதுப் பணத்திலிருந்து எடுக்கும் ஆசை கோயிலில் அடங்கியிருந்தது.

பேய் கூட இந்த வேலையைச் செய்யும். 2005இல் வந்த ஒரு பரிசோதனையில் மாணவர்களுக்குக் கணினியில் புதிர்கள் கொடுத்தார்கள். "இடையிடையே பிழையாக விடை திரையில் வந்துவிடும், வந்தால் உடனே இந்தப் பொத்தானை அழுத்தி அழித்துவிடுங்கள்" என்றார்கள். சிலருக்கு மட்டும், செத்துப்போன ஒரு மாணவரின் ஆவி இந்த அறையில் தெரிகிறதாம் என்று போகிற போக்கில் சொல்லி வைத்தார்கள். அவர்கள்தான் மற்றவர்களைவிட விரைவாகப் பொத்தானை அழுத்தினார்கள். ஆன்மா பற்றிய எந்தத் தத்துவமும் அங்கே கற்பிக்கப்படவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு கண் இருக்கலாம் என்ற சந்தேகமே போதுமாக இருந்தது.

இந்த வகை ஆய்வுகளில் ஒரு பழுது உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2007இல் ஓர் ஆய்வு உலகப் புகழ் பெற்றது. கடவுள் சம்பந்தமான சொற்கள் கலந்த வாக்கியங்களை ஒழுங்குபடுத்தச் சொல்லிவிட்டு 10 டொலரை முன்பின் தெரியாத ஒருவரோடு பங்கிடச் சொன்னார்கள். சாதாரணமாக 1.84 டொலர் கொடுத்தார்கள், கடவுள் சொற்களைப் பார்த்தவர்கள் 4.22. ஆட்கள் மொத்தம் 50 பேர்தான். 2015இல் இன்னும் கூடுதல் ஆட்களோடு திரும்பச் செய்தபோது அந்த வித்தியாசம் வரவில்லை. பிறகு பல ஆய்வுகளையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்ததில், ஏற்கெனவே நம்பிக்கை உள்ளவர்களிடம் மட்டும் ஒரு மெல்லிய விளைவு தென்பட்டது. விறகு இல்லாத அடுப்பில் ஊதி என்ன பயன்?

விறகு இருந்தும் எரியாத சந்தர்ப்பமும் உண்டு. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி, 1973. போதகராகப் படிக்கும் 40 மாணவர்கள், அதில் பாதிப்பேர், வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் உவமையைப் பற்றிப் பேசப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகிறார்கள். வழியில் வாசற்படியில் ஒருவர் தலை தொங்கி, இருமிக்கொண்டு கிடக்கிறார். நேரம் தாராளமாக இருந்தவர்களில் 63 வீதமானோர் உதவினார்கள். பிந்திவிட்டது, ஓடு என்று துரத்தப்பட்டவர்களில் 10 வீதம். சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறாரா, வேறு எதைப் பற்றியுமா என்பது குறிப்பிடத்தக்க வித்தியாசத்தைக் காட்டவில்லை. சனம் நெருக்கியடிக்கிற பொங்கலுக்கு முதல் நாள் கடையில் நிறுவை ஏன் பிசகுகிறது என்பதற்கு இதில் ஒரு பதில் இருக்கிறது.

இனி ஆன்மாவுக்கு வருவோம். ஆன்மா இல்லை என்று சொன்னால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று மேடைகளில் சொல்வது கேட்டிருப்பீர்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு இதைச் சொல்வது விந்தை. நம் அடுத்த வீட்டுப் பௌத்தருக்கு அனாத்மம்தான் கொள்கை. நிலையான ஆன்மா கிடையாது. ஆனால் வினை தொடரும், ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவது போல. ஆன்மா இல்லாமலே தானமும் சீலமும் அங்கே நடக்கின்றன. சைவ சித்தாந்தத்திலோ ஆன்மா உண்டு, ஆனால் புண்ணியமும் ஒரு கட்டுத்தான். இரும்பு விலங்கானாலும் பொன் விலங்கானாலும் விலங்குதானே! நல்வினை தீவினை இரண்டையும் ஒப்பாகப் பார்க்கும் இருவினையொப்பு வந்தபிறகுதான் மேலே வழி. பரிசுக்காகச் செய்வதை நம் சமயமே மேல்படியில் வைக்கவில்லை.

அதைவிடப் பழைய குரல் ஒன்று புறநானூற்றில், 134ஆம் பாட்டில் இருக்கிறது. ஆய் என்ற வள்ளலை முடமோசியார் புகழ்கிறார். இங்கே செய்தது மறுமைக்கு உதவும் என்று கணக்குப் போடுகிற "அறவிலை வணிகன்" ஆய் அல்லன் என்கிறார். அறத்தை விலைக்கு வாங்குகிற வியாபாரி! மறுமைக்காகக் கொடுப்பவரைக் குறிக்க இதைவிடக் கூர்மையான சொல்லை நான் அறியேன். வள்ளுவரும் "மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று" என்று முடித்துவிட்டார்.

வினை நம்பிக்கைக்கு ஒரு இருண்ட பக்கமும் இருக்கிறது. இளம் வயதில் புருஷனை இழந்தவளை, ஊனத்தோடு பிறந்த பிள்ளையை "போன பிறப்பில் செய்தது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அது நம் சமயத்துக்கு மட்டும் உரிய நோய் அல்ல. 1966இல் அமெரிக்காவில், ஒரு பெண்ணுக்கு மின்னதிர்ச்சி கொடுப்பது போல் நடித்துக் காட்டினார்கள். அதை நிறுத்த வழியில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கடைசியில் அந்தப் பெண்ணையே மட்டமாக மதிப்பிட்டார்கள். உலகம் நியாயமானது என்ற நினைப்பைக் காப்பாற்ற வேண்டுமே.

ஒரே நம்பிக்கை இரண்டு திசையில் போவதைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமானால் கண்தானத்தைப் பாருங்கள். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் இதுவரை 50க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விழிவெண்படலம், அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம், அனுப்பியிருக்கிறது. சின்னத் தீவு எப்படி இதைச் செய்தது? இரண்டு கண்ணையும் பிடுங்கிக் கொடுத்த சிவி மன்னனின் ஜாதகக் கதை பௌத்தர்களுக்குப் பழக்கம், கண் கொடுத்தால் அடுத்த பிறவிக்குப் புண்ணியம். அதே மறுபிறப்பை நம்புகிற நம் வீடுகள் சிலவற்றில் "கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறப்பில் குருடாகப் பிறப்போம்" என்கிறார்கள். கண் அப்பிய கண்ணப்பரைக் கும்பிடுகிறவர்கள் சொல்கிற பேச்சா இது? சித்தாந்தப்படி தூல உடம்பு முழுவதும் சுடலையில் எரிகிறது. எரிந்த கண் வராவிட்டால் எரிந்த கையும் காலும் மட்டும் எப்படித் திரும்பி வரும்? அடுத்த உடம்பைத் தருவது வினை என்பதுதான் கொள்கை.

கொடுக்க விரும்பியும் தவறிப்போகிற வீடுகள்தான் அதிகம். காரணங்கள் மிகச் சாதாரணம். இறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும், நம் வெக்கையில் நாலுக்குள் என்றால் நல்லது. உயிர் போனதும் இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்து உயர்த்த வேண்டும். நேர் மேலே சுழல்கிற ஃபேனை நிறுத்த வேண்டும். செத்தவீட்டில் சனம் கூடியதும் முதலில் போடுவது ஃபேனைத்தான், அதில் படலம் காய்ந்துவிடும். எம்பாம் பண்ணிய பிறகு எடுத்துப் பயனில்லை. எடுக்க இருபது நிமிடம் போதும், முகம் விகாரமாகாது. கண்ணாடி போட்டவர், சீனி வருத்தக்காரர், வெண்புரை சத்திரசிகிச்சை செய்தவர் எல்லாரும் கொடுக்கலாம். விசர்நாய்க்கடி, எச்ஐவி, ஈரல் அழற்சி, இரத்தத்தில் கிருமி பரவி இறந்தவர்கள் கூடாது.

இறந்தவர் உயிரோடிருக்கும்போது கையெழுத்துப் போட்டிருந்தாலும், அந்த நேரத்தில் ஓம் என்று சொல்ல வேண்டியது வீட்டார். "கொழும்பில் இருந்து தம்பி வரட்டும், கேட்டுச் சொல்கிறோம்" என்பார்கள். தம்பி வரும்போது எட்டு மணித்தியாலம் போயிருக்கும். ஆகவே தம்பியோடு இந்தக் கிழமையே கதைத்து வையுங்கள், அருகில் உள்ள வைத்தியசாலையில் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று கேட்டு, அந்த இலக்கத்தைச் சாமியறைக் கலண்டரில் எழுதி வையுங்கள்.

வணக்கம்.