கோயில் முனை வரை வந்த ஃபைபர்

வணக்கம் உறவுகளே. முகம் இப்படிக் கறுத்துப் போயிருக்கிறதே என்று கேட்காதீர்கள், கூரை மேல் இருந்து இப்போதுதான் இறங்கினேன். காலையில் இருந்து ஒரே சந்தோஷம், ஒரே கோபம். இரண்டையும் சொல்கிறேன்.

போன வாரம் சுங்கை சிப்புட் லிந்தாங் சாலையில் ஃபைபர், அதாவது அதிவேக இணையக் கேபிள், இழுத்தார்கள். மாரியம்மன் கோயில் முனைத் தூண் வரை கறுப்புக் கேபிள் வந்துவிட்டது. எதிரே புதுத் தாமானில் (குடியிருப்பில்) எல்லா வீட்டுக்கும் கிடைக்கப் போகிறது. கோயில் முனையில் இருந்து எங்கள் தோட்டத்து லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) முதல் வீடு வரை மோட்டாரை ஓட்டி மீட்டரில் பார்த்தேன். 600 மீட்டர். அவ்வளவுதான் தூரம்! ஏணியில் நின்ற தம்பியிடம் கேட்டேன், எங்கள் பக்கம் எப்போது என்று. "அண்ணே, அது தோட்டத்து நிலம். உள்ளே ஆர்டர் இல்லை" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, வெயிலில் நின்று வேலை பார்க்கிற பிள்ளை.

தோட்டத்து நிலம் என்றால் தூண் நட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் 38 வீட்டுக்காக 600 மீட்டர் கேபிளா என்று கணக்குப் பார்ப்பார்கள். அந்த 38-ஐ நானே நடந்து எண்ணினேன். 11 வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். 2010 மார்ச்சில் மலேசியாவில் அதிவேக ஃபைபர் முதலில் வந்த இடங்கள் பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலம். இத்தனை வருடம் கழித்து கோயில் முனை வரை வந்தும் உள்ளே வரவில்லை என்றால் எப்படிப் பொறுப்பது?

சரி, சந்தோஷத்துக்கு வருகிறேன். கைப்பேசி சிக்னலைப் பிடித்து வீட்டுக்கு இணையம் தருகிற ரவுட்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேனே, அந்த வீடியோ பார்த்தவர்களுக்கு என் பாடு தெரியும். சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை மரங்கள். ஓலையில் இருக்கிற ஈரம் சிக்னலைக் குடித்துவிடும், மழை பெய்தால் இன்னும் மோசம். அதனால் இன்று 20 அடி ஜி.ஐ. பைப்பு (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நட்டு, உச்சியில் ஆண்டெனா பொருத்தினேன். பைப்பு 48 வெள்ளி (ரிங்கிட்). அதைக்கூட விடுங்கள், கிளாம்ப் கதையைக் கேளுங்கள். பட்டணத்தில் முதல் கடையில் ஒரு யூ கிளாம்ப் 6 வெள்ளி 50 காசு. அதே கிளாம்ப், அதே பெட்டி, ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கிற பழைய கடையில் 2 வெள்ளி 80 காசு! எனக்கு நான்கு வேண்டும். 14 வெள்ளி 80 காசு மிச்சம். பெரியவர் கூடவே இரண்டு நட்டு சும்மா கொடுத்தார். இனி இரும்புச் சாமான் எல்லாம் அங்கேதான்.

சொல்ல மறந்துவிட்டேன், ஆண்டெனா வாங்குகிறவர்கள் கேபிள் நீளத்தைக் கவனியுங்கள். முதலில் 10 மீட்டர் போட்டேன், உச்சியில் பிடித்த சிக்னல் பாதி வழியிலேயே கரைந்துவிட்டது. ரவுட்டரை அட்டத்துக்கு (கூரையடிப் பரணுக்கு) ஏற்றி 5 மீட்டராகக் குறைத்த பிறகுதான் சரியானது. முன்பு பதிவிறக்க வேகம் நொடிக்கு 3 மெகாபிட், இப்போது 17. அட்டத்தில் இருந்தபடியே "வந்திருச்சு!" என்று கத்தினேன், அம்மா பயந்து வெளியே ஓடி வந்துவிட்டார்.

ஆனால் என்னால் பைப்பு நட முடிந்தது, எல்லா வீட்டிலும் முடியுமா? பக்கத்து வீட்டுப் பெரியம்மா மகள் படிவம் 5. இந்த வருடம் எஸ்.பி.எம்., பள்ளி இறுதித் தேர்வு. ராத்திரி எட்டு மணிக்கு எல்லா வீட்டுப் போனும் விழித்துக்கொள்ளும், அவளுடைய இணையவழிக் கணிதப் பாடம் சுற்றிக்கொண்டே இருக்கும். 2020-இல் பள்ளிகளை மூடியபோது அவள் அண்ணன் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போய் உட்கார்ந்து படித்தான். அதே வருடம் சபாவில் ஒரு மாணவி தேர்வு எழுத மரத்தில் ஏறி ராத்தங்கினாள், நாடே பேசியது. எங்கள் மேட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்புறம் 2021 கடைசியில் 3ஜி-யை நிறுத்தினார்கள், அப்பாவின் பழைய போனில் அன்றோடு வாட்ஸ்அப் போயிற்று.

ஸ்டார்லிங்க் (செயற்கைக்கோள் இணையம்) போடலாமே என்று போன வீடியோவில் நிறையப் பேர் எழுதினீர்கள். 2023-இல் இங்கே வந்தபோது தட்டு மட்டும் 2,300 வெள்ளி, மாதம் 220. மாதக் குறைந்தபட்சச் சம்பளமே 2025-இல்தான் 1,700 ஆனது. செம்பனைக் குலை வெட்டுகிறவரிடம் போய் இதை எப்படிச் சொல்வேன்?

எனக்கு ஆகவே ஆகாதது ஒரு வார்த்தை: 'மக்கள் வசிக்கும் பகுதி'. ஜென்டேலா என்ற அரசாங்க இணையத் திட்டத்தில் 2022-க்குள் மக்கள் வசிக்கும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு 4ஜி என்று இலக்கு வைத்தார்கள். வரைபடத்தில் எங்கள் தோட்டத்துக்கும் நிறம் பூசியிருக்கிறது. சாலையில் நின்றால் சிக்னல் இருக்கிறது, உண்மைதான். நாங்கள் சாலையிலா வசிக்கிறோம்? தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வருமானத்தில் 6 விழுக்காடு ஒரு நிதிக்குக் கட்டுகின்றன, சேவை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோகத்தான் அந்தப் பணம். 600 மீட்டர் கேபிளை அதில் இருந்து கேட்பது எங்கள் உரிமை.

தோட்ட மானேஜருக்கும் அரசாங்கத்தின் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கும் கடிதம் தயார். 31 வீடு கையெழுத்துப் போட்டாயிற்று. கீழ் லயத்தில் 7 வீடு பாக்கி. அக்கா, அண்ணே, ஞாயிறு காலை வருகிறேன், வீட்டில் இருங்கள்.