பிரேக் ஒயிலும் தண்ணீர் குடிக்கும்

வணக்கம் நேயர்களே. கராஜ்காரனை வானொலிக்குக் கூப்பிட்டால் அவன் வாகனத்தைப் பற்றித்தான் பேசுவான். நான் பேச வந்தது பழைய ஜீப்புகளின் பிரேக்கைப் பற்றி.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் விலையைக் கேட்டவர்கள் பேசாமல் வீட்டுக்குப் போய்ப் பழைய ஜீப்புக்கே பெயின்ட் அடித்தார்கள். இருபது, இருபத்தைந்து வயசு வண்டிகள் ஹட்டன் பக்கமும் வெலிமடைப் பக்கமும் இன்னும் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு திரிகின்றன. டயர் மாற்றுவார்கள், சீட் கவர் மாற்றுவார்கள். பிரேக் ஒயிலை மாற்றச் சொன்னால் மட்டும், "அது குறையவே இல்லையே பாஸ்" என்பார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். நுவரெலியாவிலிருந்து குடும்பத்தோடு ஜீப்பில் இறங்குகிறார். ரம்பொடை வளைவுகள் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். முன்னால் ஒரு லொறி. அதன் பின்னாலேயே பிரேக்கில் காலை வைத்தபடி வருகிறார். ஒரு வளைவில் மிதித்தால் பெடல் அப்படியே தரைக்குப் போகிறது. நல்ல வேளை, பதறாமல் இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் மெதுவாக இழுத்து, மலைப் பக்கத்துக் கானில் சில்லை இறக்கி நிறுத்திவிட்டார். பள்ளத்துப் பக்கம் திருப்பவில்லை, அதுதான் முக்கியம்.

அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் கல்லு மாதிரி நிற்கிறது! மறுநாள் கராஜில் காட்டினார். ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை சேர்" என்றார்கள். இன்னொரு இடத்தில் பேட் மாற்றினார்கள். வேறோர் இடத்தில், பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரையே மாற்றினார்கள். கடைசியில் என்னிடம் வந்தார். "தம்பி, இது காலையில் நல்ல பிள்ளை, மத்தியானம் கெட்ட பிள்ளை" என்றார். முன்சில்லு ஒன்றில் ஒயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து கொஞ்சம் ஒயிலை எடுத்தேன். கறுத்துப்போய்க் கலங்கலாக வந்தது.

நீங்கள் பெடலில் மிதிக்கும் அழுத்தத்தைச் சில்லுக்குக் கொண்டுபோவது பிரேக் ஒயில்தான். அது ஈரத்தை இழுக்கும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். நம்முடைய மழையும் பனிமூட்டமும் அதற்குப் போதாதா? டொட் 3 (DOT 3) என்ற வகை பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காது. தண்ணீர் ஏற ஏற அது 140 பாகை அளவுக்கு இறங்கிவிடும். கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி. ஒயில் நசுங்காது, ஆவி நசுங்கும். நீங்கள் மிதிப்பதெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதோடு சரி, சில்லுக்குப் போய்ச் சேராது. சூடு ஆறியதும் குமிழி மறைந்துவிடும், பெடலும் திரும்பி வந்துவிடும். அதனால்தான் கராஜில் ஒன்றும் தெரிவதில்லை.

அவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அந்தப் பாதை இறங்கி வந்து சேரும் கம்பளை சுமார் 500. இரண்டு டொன் ஜீப் அந்த உயரத்தை இறங்கும்போது வெளிவரும் சக்தியைக் கணக்குப் போட்டால், 70 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். காற்றிலும் டயரிலும் போவது போக மிச்சத்தை எஞ்சின் பிடிக்க வேண்டும். எஞ்சின் பிடிக்காவிட்டால் பிரேக்தான் வாங்க வேண்டும்.

அதனால்தான் பழைய லொறி ட்ரைவர்மார் ஏறின கியரிலேயே இறங்குவார்கள். இப்போது பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். சிலர் எஞ்சினையே நிறுத்திவிடுகிறார்கள்! எஞ்சின் நின்றால், மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டரில் மிஞ்சியிருப்பது இரண்டொரு மிதிக்குத்தான் வரும். அப்புறம் பெடல் இறுகிவிடும். ஒட்டோ கியர்காரர்களே, இறக்கத்தில் கியரை 'D'யிலேயே விடாதீர்கள். '2'க்கோ 'L'க்கோ இறக்குங்கள்.

மறுபடியும் சொல்கிறேன், ஒயில் குறையாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுதாக மாற்றுங்கள். மேலே ஊற்றி நிரப்புவது மாற்றுவதாகாது. பழையது கீழே சில்லுப் பக்கம்தான் நிற்கும், சூடும் அங்கேதான். ஸ்டீயரிங் ஒயிலைத் தவறி ஊற்றிவிட்டால் உள்ளே ரப்பரெல்லாம் ஊதிப்போகும், அந்தச் செலவைச் சொன்னால் உங்களுக்குக் காய்ச்சல் வரும்.

நிகழ்ச்சி நடத்தும் தங்கச்சி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் முடிகிறதென்று கை காட்டுகிறா. ஹோஸைப் பற்றியும் பின்சில்லு ட்ரம்மைப் பற்றியும் நிறையச் சொல்ல இருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், இறங்கி நிறுத்தியதும் நாலு சில்லுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால், அந்தப் பக்கத்து ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம், இல்லாவிட்டால் பேட்டை அழுத்தும் கலிப்பர் இறுகியிருக்கலாம். ஒயில் மாற்ற வரும்போது வீட்டில் எப்போதோ திறந்து வைத்த போத்தலைக் கொண்டுவராதீர்கள், சீல் உடைக்காததை வாங்கி வாருங்கள். வணக்கம்.