பக்கத்து வீட்டு ஆச்சிக்கு மீட்பு உண்டா?

(காட்சி: கோட்டாறு சவேரியார் பேராலயம், திருவிழா இரவு)

டிசம்பர் 3 நெருங்கும்போது கோட்டாறுக்கு வந்து பாருங்க. மெழுகுவர்த்தி கொளுத்துற கூட்டத்துல நெத்தி நிறைய குங்குமம் வச்ச அம்மாமாரும் நிப்பாங்க. நம்ம குமரி மாவட்டத்துல அண்ணன் சிஎஸ்ஐ (சீர்திருத்த கிறிஸ்தவர்), தம்பி இந்து, மருமக ஆர்சின்னு (ரோமன் கத்தோலிக்கர்) ஒரே குடும்பத்துல இருக்கிறது புதுசு இல்ல. அதனால கிறிஸ்தவர் அல்லாதவங்களுக்கு மீட்பு, அதாவது இரட்சிப்பு, உண்டாங்கிற கேள்வி இங்க சாவு வீட்டுலதான் எழும்பும்.

எங்க பக்கத்து வீட்டு ஆச்சி முத்தாரம்மன் கோயில் கொடை விழாவுக்கு விரதம் இருக்கிறவங்க. எங்கம்மா படுக்கையில கிடந்த நாலு மாசமும் கஞ்சி வச்சுக் கொண்டுவந்தாங்க. ஆச்சி இறந்த அன்னைக்கு எங்க சபைக்காரர் ஒருத்தர் சொன்னார்: "நல்ல மனுஷிதான். ஆனா இரட்சிக்கப்படலியே."

(காட்சி: பழைய கையெழுத்துப் பிரதி)

'திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை'ங்கிற கருத்து 3-ஆம் நூற்றாண்டுல வட ஆப்பிரிக்காவுல இருந்த கார்த்தேஜ் நகர ஆயர் சிப்பிரியான் எழுதினது. பிரிஞ்சுபோன கிறிஸ்தவக் குழுக்களோட ஞானஸ்நானம் செல்லுமாங்கிற சண்டையில எழுதினார். 1442-ல கத்தோலிக்க ஆயர்கள் கூடின ஃபுளோரன்ஸ் சங்கம் அதைப் பிற மதத்தாருக்கும் நீட்டிச்சுச் சொல்லிடுச்சு.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் வேற மாதிரி பேசிச்சு. தன் குற்றமில்லாம நற்செய்தியை அறியாதவங்க, நேர்மையான மனசோட கடவுளைத் தேடி மனச்சாட்சிப்படி நடந்தா அவங்களும் மீட்படையலாம்னு 1964-ல சொன்னாங்க. மற்ற மதங்கள்ல உண்மையும் தூய்மையுமா இருக்கிற எதையும் திருச்சபை தள்ளுறதில்லைன்னு 1965-ல. கிறிஸ்துவை அறிவிக்கிற கடமையையும் விட்டுடல. சீர்திருத்த சபைகள் பக்கம், நற்செய்தி அறிவிப்பு பத்தின 1974 லோசான் உடன்படிக்கை இன்னும் இறுக்கமானது: இயற்கை வழியா எல்லாருக்கும் கடவுளைப் பத்தி கொஞ்சம் தெரியும், ஆனா அந்த அறிவு மட்டும் மீட்காது.

(காட்சி: கடலோரம், செசரியா)

எனக்கு எப்பவும் கொர்நேலியுதான் நினைவுக்கு வருவார். பைபிள்ல அப்போஸ்தலர் நடபடிகள் 10-ஆம் அதிகாரம். ரோமப் பட்டாளத்து நூற்றுக்கு அதிபதி, விருத்தசேதனம் இல்லாதவர், அதாவது யூதர் இல்ல. ஆனா ஜெபம் பண்ணுவார், ஏழைகளுக்கு அள்ளிக் கொடுப்பார். 'உன் ஜெபமும் தருமமும் தேவனுக்கு முன்னால எட்டியிருக்கு'ன்னு தூதன் அவர்கிட்ட சொன்னப்போ அவர் ஞானஸ்நானம் எடுத்திருக்கல! பார்த்தீங்களா, பிற இனத்தாரோட பக்தியும் கடவுளுக்கு எட்டுதுன்னு ஒரு தரப்பு சொல்லும். அப்படீன்னா இயேசுவோட சீஷன் பேதுருவைக் கூப்பிடுன்னு தூதன் ஏன் சொல்லணும், இரட்சிப்புக்கான வார்த்தை அவர் வாயிலதானே வரும்னு 11-ஆம் அதிகாரத்தை எடுத்து இன்னொரு தரப்பு கேக்கும். ரெண்டுமே அங்க எழுதியிருக்கு. ஒண்ணை மறைச்சு இன்னொண்ணைப் பிடிக்கிறது சரியில்லை.

நான் அதுல பார்க்கிறது பேதுருவை. யூதன் அல்லாத அந்நியன் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு வளர்ந்த மனுஷன். "தேவன் பட்சபாதமுள்ளவரல்ல"ன்னு அந்த வீட்டுக்குள்ள நின்னுதான் சொன்னார். கொர்நேலியு மாறுறதுக்கு முன்னால பேதுரு மாற வேண்டியிருந்துச்சு.

(காட்சி: பூட்டிய ஓட்டு வீடு, முற்றம்)

மீட்பு இயேசு வழியாத்தான்னு நான் மனசார நம்புறேன். அந்த நாலு மாசக் கஞ்சியை அவர் பார்க்கலன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல.