உப்பிட்ட கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய செயலாளர் அவர்களே, உடல்நலமில்லாத நிலையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, வேலை முடிந்த கையோடு நேரே இங்கே வந்திருக்கும் வீட்டு வேலைத் தோழியரே, அனைவருக்கும் வணக்கம். நீதியரசர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

மொழி, விடுப்பு, ஓய்வூதியம் என்று மூன்று விஷயம் பேச வந்தேன். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பார்கள். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. சம்பளம் கொடுப்பவரைத்தான் உப்பிட்டவர் என்கிறோம். அடுப்படியில் நின்று உப்புப் போடுகிற கை யாருடையது?

எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர் பாஷை தெரியாத நாட்டுக்கு வேலைக்குப் போனார். வீட்டு வேலைக்கு வந்த அக்காவுக்கு இவர் பாஷை தெரியாது. முதல் வாரம் முழுக்கக் கைஜாடைதான். அக்கா குழாயைத் தொட்டு ஒரு சொல் சொல்வார். டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டு தன் சொல்லைத் திருப்பிச் சொல்வார். கதவு, வாளி, துடைப்பம் என்று நோட்டு நிறைந்தது. நான் பார்த்திருக்கிறேன், ஈரக் கை பட்டுப் பட்டு அதன் ஓரமெல்லாம் உப்பிப் போயிருக்கும். டீச்சருக்குக் கடும் காய்ச்சல் வந்த இரவு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் அந்த அக்காதான். ‘வலி’ என்ற சொல்லைத் தேடிக் காட்டி, எங்கே என்று கேட்டாராம்.

அப்புறம் ஒரு நாள் அக்கா கேட்டார்: “நாளைக்கு வரமாட்டேன் என்பதை உங்கள் பாஷையில் எப்படிச் சொல்வது?”

பேனாவை எடுத்த டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு வருடமாக ஒரு நாள்கூட லீவு கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

உயிராகப் பழகிய வீட்டிலேயே இப்படி! உப்பிட்டவரை மனசில் நினைத்தால் போதுமா? தாளில் எழுதிக் கொடுக்க வேண்டாமா? 2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும், பாஸ்போர்ட்டைத் தொழிலாளியே வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. உலகில் 7 கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டு வேலை செய்கிறார்கள். நாலில் மூன்று பேர் பெண்கள். இன்னும் எத்தனையோ நாடுகள் அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை.

ஓய்வூதியத்துக்கு நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். வாசலில் மேசைமேல் எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் வார விடுப்பும் கேட்கும் மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.