நாலாவதா வர்ற பொண்ணு: ஜூனியர் பெண்கள் கிராஸ் கன்ட்ரி ஓட்டம், ஒரு டெல்டா விளக்கம்

[காட்சி: மாசி மாசத்து விடியல். வெண்ணாத்தங்கரை. நாலு பொண்ணுங்க கரைமேல ஓடி வர்றாங்க. கீழே சம்பா அறுத்த வயல், தாளுக்கு நடுவுல உளுந்து தளிர் விட்டிருக்கு.]

வணக்கம். இந்த நாலு பேர்ல யாரு முக்கியம்னு கேட்டா, முன்னாடி ஓடுற பொண்ணைத்தான் எல்லாரும் காட்டுவீங்க. நூறு மீட்டர், எண்ணூறு மீட்டர்னா அது சரிதான். ஆனா கிராஸ் கன்ட்ரின்னு ஒரு ஓட்டம் இருக்கு. அதுல மூச்சு வாங்கிக்கிட்டு கடைசியா வர்றா பாருங்க, அந்த நாலாவது பொண்ணு, அணிக்குப் பதக்கம் உண்டா இல்லையான்னு பெரும்பாலும் அவ காலுதான் சொல்லும். எப்படின்னு கணக்குப் போட்டே காட்டுறேன்.

முதல்ல, இது என்ன ஓட்டம்? டிராக் கிடையாது, தார் ரோடும் கிடையாது. புல்லு, மண்ணு, மேடு, பள்ளம், சேறு, சில இடத்துல தண்ணி. ஒன்றரையிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் வரைக்கும் ஒரு சுத்துப் பாதை போட்டு, அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுவாங்க. அகலமான கோட்டுல எல்லா நாட்டுப் பொண்ணுங்களும் ஒண்ணா நிப்பாங்க, துப்பாக்கி வெடிச்சா ஒரே கூட்டமா பாயுவாங்க. ஜூனியர் பெண்களுக்கு உலகப் போட்டியில தூரம் 6 கிலோமீட்டர். வயசுக் கணக்கு அந்த வருஷம் டிசம்பர் 31-ஐ வச்சுத்தான்: அன்னிக்கு 16 நிறைஞ்சிருக்கணும், 20 ஆகியிருக்கக் கூடாது. நம்ம ஊர்க் கணக்குல பதினொண்ணாவது படிக்கிற பொண்ணுலேர்ந்து காலேஜ் ரெண்டாவது வருஷம் வரைக்கும்னு வச்சுக்கலாம்.

[காட்சி: பழைய உலக வரைபடம். ஸ்காட்லாந்து, பெல்ஜியம், நார்வே ஒவ்வொண்ணா ஒளிருது.]

நாடுகளுக்கு இடையிலான கிராஸ் கன்ட்ரி 1903-ல ஸ்காட்லாந்துல ஆரம்பிச்சது. இப்போ இருக்குற உலகப் போட்டி 1973-ல பெல்ஜியத்துல வாரேகெம்ங்கிற ஊர்ல தொடங்குச்சு. அந்த முதல் வருஷமே ஜூனியர் ஆண்களுக்குத் தனி ஓட்டம் இருந்தது. ஜூனியர் பெண்களுக்கு? 1989 வரைக்கும் காத்திருக்கணும். நார்வேயில ஸ்டாவாங்கர் நகரத்துலதான் முதல் ஓட்டம். பதினாறு வருஷம்! பையன் ஓடலாம், அதே வயசுப் பொண்ணு வேடிக்கை பார்க்கலாம்ங்கிற நிலைமை நம்ம ஊர்ல மட்டும் இருந்ததில்லை. பெரியவங்க பிரிவுல 2017-லேர்ந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 10 கிலோமீட்டர் ஆக்கிட்டாங்க. ஜூனியர்ல இன்னும் பெண்களுக்கு 6, ஆண்களுக்கு 8. இதுவும் மாறணும்னு நான் நினைக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம்.

[காட்சி: கரும்பலகை. சாக்பீஸால எண்கள்.]

ஒரு நாட்டுக்கு ஆறு பொண்ணுங்க வரைக்கும் ஓடலாம். அதுல முதல்ல வர்ற நாலு பேரோட இடத்தை எடுத்துக் கூட்டுவாங்க. முதல் இடத்துக்கு ஒரு புள்ளி, பத்தாவது இடத்துக்குப் பத்து புள்ளி. கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அந்த அணிக்குத் தங்கம்.

இப்போ ரெண்டு அணி எடுத்துக்குவோம். முதல் அணியில ஒரு பொண்ணு புயல் மாதிரி ஓடி முதலிடம். அடுத்தவ 9, அடுத்தவ 24, நாலாவது பொண்ணு 46. கூட்டினா 80. ரெண்டாவது அணியில முதல் பத்துல ஒருத்திகூட இல்லை: 12, 15, 18, 20. கூட்டினா 65. ஜெயிச்சது ரெண்டாவது அணி.

இன்னொண்ணு பாருங்க. முதல்ல வர்ற பொண்ணு நூறு மீட்டர் வித்தியாசத்துல ஜெயிச்சாலும் அதே ஒரு புள்ளிதான். அவளால இதுக்குமேல குறைக்க முடியாது. ஆனா 46-ல இருக்குற பொண்ணு கடைசிச் சுத்துல பல்லைக் கடிச்சுக்கிட்டு பத்து பேரைத் தாண்டினா, அணிக்குப் பத்து புள்ளி மிச்சம். நடுக்கூட்டத்துல பத்து பேரைத் தாண்டுறது சில நொடி விஷயம், அவ்வளவு நெருக்கமா ஓடுவாங்க. ரெண்டு அணி சமமா வந்துட்டா? யாரோட நாலாவது பொண்ணு முன்னாடி வந்தாளோ அந்த அணிக்கு. நாலாவது பொண்ணு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா, மிச்சம் ரெண்டு பேரும் ஓடி முடிக்கலைன்னா? அந்த அணிக்குப் புள்ளியே கிடையாது. முதல் மூணு பேரும் பதக்கம் வாங்கியிருந்தாலும் சரி.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, நான் அந்த நாலாவது பொண்ணு.

[காட்சி: சொல்பவர் கேமரா முன். பின்னாடி மதகு, வாய்க்கால்ல தண்ணி.]

பள்ளிக்கூடத்துல நாங்க நாலு பேரு சேர்ந்து ஓடினோம். குறுவட்டப் போட்டி, அப்புறம் வருவாய் மாவட்டம். ஒருத்தி ஜெயிச்சா. அவளை மட்டும் அடுத்த கட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ‘நீங்கள்லாம் படிப்பைப் பாருங்கம்மா’ன்னு எங்க மூணு பேரையும் அனுப்பிட்டாங்க. டிராக் கணக்குல அதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா துணைக்கு ஆள் இல்லாம அந்தப் பொண்ணும் அடுத்த வருஷமே நிறுத்திட்டா. விடியக்காலம் ஆத்தங்கரையில ஒத்தையா ஓட எந்த அம்மா அனுப்புவாங்க? இப்போ நான் வீடு வீடாப் போய்ப் பேசுறப்போ அதையேதான் கேக்குறேன்: “நாலு பேரா சேர்ந்து போனா விடுறீங்களாக்கா?” பெரும்பாலும் கிடைக்கிற பதில், “நாலு பேருன்னா சரிம்மா, வெளிச்சம் வந்தப்புறம் போகட்டும்.” அணிக் கணக்கும் அம்மா கணக்கும் ஒரே எண்ணுல வந்து நிக்குது.

[காட்சி: உலகப் போட்டிப் படங்கள், பனி, சேறு, புல்வெளி.]

இந்த ஜூனியர் ஓட்டத்துல வந்தவங்க யாருன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும். 1991-ல கென்யாவோட லிடியா செரோமெய் ஜெயிச்சப்போ வயசு 13. இப்போ இருக்குற வயசு வரம்புல அது நடக்காது, அந்த வரம்பு வந்தது நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன். 1992-ல பாஸ்டன்ல, பனி கிடந்த தரையில, இங்கிலாந்தோட பவுலா ராட்கிளிஃப் முதலிடம், சீனாவோட வாங் ஜுன்ஷியா ரெண்டாவது. வாங் அடுத்த வருஷமே 10,000 மீட்டர்ல 29:31.78-னு உலக சாதனை வச்சாங்க. ராட்கிளிஃப் 2003-ல லண்டன் மாரத்தானை 2:15:25-ல ஓடினாங்க. அதே ராட்கிளிஃப், 12 வயசுல முதல்முறையா தேசிய அளவு கிராஸ் கன்ட்ரியில ஓடினப்போ வந்த இடம் 299. சின்ன வயசுல ஆஸ்துமா, ரத்த சோகை ரெண்டும் இருந்தது. அன்னிக்கு யாராவது ‘நீ படிப்பைப் பாரும்மா’ன்னு அனுப்பியிருந்தா?

அப்புறம் கென்யாவோட ஃபெயித் கிப்யேகான். 2010, போலந்துல பிட்கோஷ்ச் நகரம். 16 வயசுப் பொண்ணு, ஷூ இல்லாம வெறுங்காலோட ஓடி வந்த இடம் எது தெரியுமா? நாலாவது. அடுத்த வருஷம் ஸ்பெயின்ல தங்கம், 2013-ல மறுபடி தங்கம். பின்னாடி 1500 மீட்டர்ல வரிசையா மூணு ஒலிம்பிக் தங்கம். 2019-ல டென்மார்க்கோட ஆர்ஹுஸ்ல, ஒரு அருங்காட்சியகத்தோட புல்லு முளைச்ச கூரைமேலயே பாதை போட்டிருந்தாங்க. அந்த ஏத்தத்தை எல்லாம் ஏறி இறங்கி, முதல் மூணு பேருக்கும் ஒரே நேரம், 20:50. கேமராப் படத்தைப் பார்த்துத்தான் கென்யாவோட பீட்ரிஸ் செபெட்னு முடிவு பண்ணாங்க. அவங்கதான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல 5000, 10,000 ரெண்டுலயும் தங்கம் வாங்கினவங்க.

1995-ல ஃபின்லாந்தோட அன்னெமாரி சாண்டெல் ஜெயிச்சாங்க. அதுக்கப்புறம் 2024 வரைக்கும் இந்த ஓட்டத்துல முதலிடம் கென்யா, எத்தியோப்பியா ரெண்டு நாட்டைத் தாண்டி வெளியே போகலை. உயரம் ஒரு காரணம். கென்யாவோட இடென் ஊர் சுமார் 2,400 மீட்டர் உயரம், நம்ம ஊட்டியைவிட மேல. அங்க காத்துல ஆக்சிஜன் கம்மியாக் கிடைக்கிறதால உடம்பு அதுக்கேத்த மாதிரி சிவப்பணுவைக் கூட்டிக்கும். நாகப்பட்டினம் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்தான். இதை மாத்த முடியாது. ஆனா அங்க ஒரு பொண்ணு ஓடக் கிளம்பினா பின்னாடியே ஒரு கூட்டம் கிளம்பும். அதை நாம செய்யலாம்.

[காட்சி: நடவு வயல். முழங்கால் வரை சேறு. பெண்கள் நாத்து நடுறாங்க.]

இப்போ நம்ம மண்ணு. சேத்துல ஓடுறது ஏன் கஷ்டம்? கெட்டித் தரையில கால் பதிஞ்சதும் தரை திருப்பித் தள்ளும். சேறு அந்த வேகத்தை முழுங்கிடும். அதோட காலைத் தூக்குறப்போ அடியில காத்துப் புகாம பிடிச்சு உறிஞ்சும். எங்க ஆத்தா நடவுக்குக் கூட்டிட்டுப் போறப்போ சொல்லும்: “எட்டிப் போடாதடி, கிட்டக் கிட்ட வையி. குதிகாலை முதல்ல தூக்கு.” குதிகாலை முதல்ல தூக்கினா காத்து உள்ளே போகும், பிடி விட்டுடும். சேத்துப் பாதையில ஓடுறவங்களுக்கும் அதேதான் பாடம்: எட்டைக் குறை, காலடி எண்ணிக்கையைக் கூட்டு, உடம்பை ரொம்ப முன்னாடி சாய்க்காதே. ஷூவுக்கு அடியில முள்ளாணி இருக்கும்ல, காய்ஞ்ச புல்லுக்குச் சின்னது போதும், சேத்துக்கு 12, 15 மில்லிமீட்டர்னு நீளமா மாட்டிக்குவாங்க.

எங்க ஓடலாம், எங்க கூடாதுன்னு கண்டிப்பா சொல்லணும். உளுந்து, பயறு நிக்கிற வயல்ல கால் வைக்கவே கூடாது, அது ஒரு குடும்பத்தோட வருமானம். சித்திரையில களிமண் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும், வெடிப்புக்குள்ள கணுக்கால் மாட்டினா அந்த வருஷமே போச்சு. அறுவடை மெஷின் போன செயின் தடம் காய்ஞ்சா கல்லு மாதிரி ஆயிடும், அதுவும் ஆபத்து. வரப்புல இருட்டுல ஓடாதீங்க. எலி இருக்குற இடத்துல விரியன் இருக்கும். மழைக்காலத்துல வரப்பு வழுக்கும், அண்டை வெட்டின புதுசுல இன்னும் மோசம்.

அப்போ மிச்சம்? ஆத்தங்கரை. படுகையில ஆடுமாடு மேயுற புல்லுத்தரை. கோடையில கொள்ளிடத்து மணல். தண்ணி திறந்துட்டா மணல் பக்கமே போகாதீங்க, மேட்டூர்ல திறக்குற செய்தியைப் பார்த்துக்குங்க. நம்ம பக்கம் மேடே இல்லைன்னு சொல்லுவாங்க. கரையோட சரிவு இருக்கே! கீழேயிருந்து மேல ஏறு, நடந்து இறங்கு, மறுபடி ஏறு. பாலத்து ஏத்தமும் இருக்கு. ஒரே மூச்சுல ஏறுற மலை கிடைக்காது, ஆனா உலகப் போட்டிப் பாதையில வர்றதும் பெரும்பாலும் இப்படிச் சின்னச் சின்ன ஏத்தம்தான், திரும்பத் திரும்ப வரும்.

வெயிலைப் பத்தி ஒரு வார்த்தை. 2007-ல உலகப் போட்டி கென்யாவோட மொம்பாசாவுல நடந்தது, கடலோர ஊரு, நம்ம வேதாரண்யம் பக்கம் மாதிரி புழுக்கம். பெரியவங்க ஓட்டத்துல, அதுவரைக்கும் தொடர்ந்து ஜெயிச்சுட்டிருந்த எத்தியோப்பியாவோட கெனெனிசா பெகெலேயே முடிக்க முடியாம வெளியே வந்துட்டார். காத்துல ஈரம் அதிகமா இருந்தா வேர்வை ஆவியாகாம ஒழுகும், உடம்புச் சூடு இறங்காது. டெல்டாப் பொண்ணுங்களுக்குத் தையிலேர்ந்து பங்குனி வரைக்கும் காலைப்பொழுதுதான் சரி. அதுக்கப்புறம் தூரத்தைக் குறைச்சுக்கணும்.

[காட்சி: முருங்கைக்கீரை உருவுற கைகள்.]

ஷூவைவிட எனக்குக் கவலையா இருக்குறது ரத்தம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி இந்தியாவுல 15-லேர்ந்து 19 வயசுப் பொண்ணுங்கள்ல 59 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. இரும்புச்சத்து குறைஞ்சா தசைக்கு ஆக்சிஜன் போகாது, அந்தப் பொண்ணு எவ்வளவு பயிற்சி பண்ணாலும் மூணாவது கிலோமீட்டர்ல கால் கனத்துடும். நாம ‘சோம்பேறி’ன்னு திட்டுவோம். பள்ளிக்கூடத்துல வாரத்துக்கு ஒரு தடவை தர்ற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியா வீசாதீங்க தங்கங்களா. கீரையோட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்குங்க, சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம், அது இரும்பை உடம்புல சேரவிடாது. ஓடுற பொண்ணுக்கு மூணு மாசமா மாதவிடாய் வரலைன்னா, தொல்லை விட்டுச்சுன்னு இருக்காதீங்க. சாப்பாடு பத்தலைன்னு உடம்பு சொல்ற அறிகுறியா இருக்கலாம். டாக்டரைப் பாருங்க.

நம்ம நாட்டுத் தேசியப் போட்டியிலயும் 20 வயசுக்குட்பட்ட பெண்களுக்கு 6 கிலோமீட்டர்தான், 18-க்குட்பட்டவங்களுக்கு 4, 16-க்குட்பட்டவங்களுக்கு 2. படிப்படியா ஏறலாம். டெல்டாவுக்கு அடுத்த புதுக்கோட்டையிலேர்ந்து போன சூர்யா லோகநாதன் 2016 தெற்காசிய விளையாட்டுல 5000, 10,000 ரெண்டுலயும் தங்கம் வாங்கினாங்க. நீண்ட ஓட்டம் நமக்கு வராதுன்னு யாராவது சொன்னா இந்தப் பேரைச் சொல்லுங்க.

[காட்சி: மறுபடி ஆத்தங்கரை. பாலத்துக்கட்டையில ஒரு நோட்டு, ஒரு ஸ்டாப் வாட்ச்.]

பி.டி. டீச்சர், பி.டி. சார் யாராவது இதைப் பார்த்துட்டிருந்தா, நான் நோட்டுல எழுதுறது என்னன்னு காட்டுறேன். முதல் பொண்ணோட நேரத்தை ஒரு மூலையில சின்னதா எழுதுவேன். முதல் பொண்ணுக்கும் நாலாவது பொண்ணுக்கும் நடுவுல எத்தனை நொடி, அதைப் பெருசா எழுதுவேன். சனிக்கிழமை சனிக்கிழமை அந்த எண்ணைத்தான் நாலு பேரும் எட்டிப் பார்க்குறாங்க. போன வாரம் முன்னாடி வந்தவ, பாலத்தைத் தொட்டதும் உக்காரலை. திரும்பி, வந்த வழியே ஓடினா. கடைசியா வர்றவ பக்கத்துல சேர்ந்துக்கிட்டு, “வாடி, அந்தப் பனைமரம் வரைக்கும், அப்புறம் மதகு வரைக்கும்”னு சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டு வந்தா.

அந்தப் பொண்ணு பாலத்தைத் தொட்டப்புறம்தான் நான் வாட்ச்சை நிறுத்தினேன்.